காது கேட்கும் டெலிவிஷன்

எங்கள் பள்ளிக்கூடத்து டெலிவிஷனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அதன் பூட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நெஞ்சுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, முன்புறம் இரட்டைக் கதவு, கதவில் பித்தளைப் பூட்டு. உள்ளே கறுப்பு வெள்ளை டெலிவிஷன். சாவி தலைமையாசிரியையின் கைப்பையில் இருக்கும். டெல்லிப் பள்ளிகளுக்கு அரசாங்கம் கொடுத்த பெட்டி அது. பாடம் ஒளிபரப்பாகும் நேரத்தில் திறந்து, முடிந்ததும் பூட்டிவிட வேண்டும். நகைக்கடைக்காரர்கள்கூட இவ்வளவு கவனமாகக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. திருநெல்வேலியில் பௌதிகமும் பி.எட்.டும் படித்து முடித்த கையோடு ரயிலேறி, கிட்வாய் நகரில் அண்ணனின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியிருந்தேன். டெல்லித் தமிழர்கள் நடத்திவந்த ஒரு பள்ளியில் விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்தவர் நடுவில் வேலையை விட்டுவிட, அந்த இடம் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூட மிகைதான். தற்காலிகமாகக் கிடைத்தது.

தலைமையாசிரியைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். டெல்லிக்கு வந்து பல வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. அதே வாயால் ஹிந்தியையும் வெளுத்து வாங்குவார். நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“ஹிந்தி எவ்வளவு தெரியும்?”

“அச்சா தெரியும்.”

“அச்சாவா, நன்னாவே தெரியுமா?”

“இல்ல மேடம். அச்சாங்கிற அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.”

சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இதோ பாரும்மா, மறைக்காம சொல்லிடறேன். ஏழாம் கிளாஸுக்கு சயன்ஸ் டிவில வர்றது. ஹிந்தில வர்றது. கல்வித் துறைலேர்ந்து ஒரு ஆபீசர் வந்து, அந்தப் பாடத்தை நீ எப்படி நடத்தறேன்னு உக்காந்து பாப்பார். அவர் சரின்னா உனக்கு வேலை பெர்மனென்ட். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்லே. தசரா லீவு முடிஞ்சதும் வருவார். அதுக்குள்ள கத்துக்கோ.”

வீட்டிலும் அப்பா இதையேதான் வேறு விதமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வேலை நிரந்தரமானால் டெல்லியில் இரு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டு. எனக்கு மூட்டை கட்டும் எண்ணம் துளியும் இல்லை. ஊர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் தனியாக பஸ் ஏறி, சொந்தச் சம்பளத்தில் செருப்பு வாங்கி, முன்பின் தெரியாத பிள்ளைகள் ‘மிஸ், மிஸ்’ என்று பின்னாலேயே ஓடிவருவதன் ருசியைக் கண்டுவிட்டேன். அதை விட்டுவிட்டு யார் போவார்கள்?

ஆகவே ஹிந்தி கற்கத் தொடங்கினேன். என் குரு மதினிதான். தள்ளுவண்டிக்காரரிடம் அவர் காய்கறி வாங்கும்போது பக்கத்தில் நின்று காது கொடுப்பேன். வெண்டைக்காய், கத்தரிக்காய், கொஞ்சம் கொத்தமல்லி சேர்த்துப் போடு, ஜல்தி ஜல்தி. இவ்வளவும் சீக்கிரமே வந்துவிட்டன. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு வெப்பத்தைப் பற்றியோ காந்தத்தைப் பற்றியோ யாரும் பாடம் நடத்த முடியாது.

முதல் டிவி பாடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சாவியோடு தலைமையாசிரியை வந்து கதவைத் திறந்து, திருகைத் திருப்பி, படம் வந்ததும் போய்விட்டார். திரையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் வெள்ளைக் கோட்டில் வந்தார். ‘தோ பச்சோ’ என்று ஆரம்பித்தார். சரி குழந்தைகளே என்று அர்த்தம் என்பது பின்னால் தெரிந்தது. ஒரு பித்தளைக் குண்டு ஒரு வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. குண்டைச் சுடவைத்தார். இப்போது நுழையவில்லை. அது எனக்குப் புரிந்தது; ஊரில் நானே செய்த சோதனைதான். ஆனால் நடுநடுவே அவர் ஏதோ சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் மொழி தெரியாத ஆளைப் போல, எல்லோரும் சிரித்த பிறகு ஒரு சிரிப்பு சிரித்தேன்.

பாடம் முடிந்து கதவைச் சாத்தினேன். இப்போது நான் கேள்வி கேட்க வேண்டும், விதிமுறை அப்படி. அவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் என்ன கேட்பது?

“அவரு என்ன சொல்லுதாரு?” என்றேன்.

‘சொல்லுதாரு’ என்றதும் வகுப்பு இன்னொரு முறை சிரித்தது. அவர்களில் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வோர் ஊர்த் தமிழ். பாலக்காடு, கோயம்புத்தூர், கும்பகோணம் எல்லாம் இருந்தன. திருநெல்வேலி மட்டும் அந்த வருஷம் இல்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். டஸ்டரை எடுத்து மேஜையில் ஒரு தட்டு தட்டினேன். சாக்பீஸ் தூள் என் முகத்திலேயே பறந்தது.

“சிரிச்சது போதும். எனக்கு ஹிந்தி தெரியாது. அவரு சொன்னத யாராவது எனக்குச் சொல்லணும். சொல்லாம ஒருத்தரும் வீட்டுக்குப் போவ முடியாது.”

வகுப்பு அடங்கியது. அவர்களுக்கு அது புதுசு. டிவியை அவர்கள் இதுவரை வேடிக்கைதான் பார்த்திருந்தார்கள். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. ஒரு பையன் எழுந்து, “மிஸ், லோஹா கரம் ஆனா பெருசாயிடும்னு போல்றார்,” என்றான். இரும்பு சூடானால் பெரிதாகிவிடும் என்கிறாராம். இன்னொருத்தி, “பெருசு இல்ல மிஸ், ஃபைல்தா ஹை,” என்றாள். “ஃபைல்தான்னா என்ன?” என்று கேட்டேன். அதற்குத் தமிழ் வார்த்தை அவளிடம் இல்லை. கையை விரித்துக் காட்டினாள். அது போதாது என்று ஒரு பெஞ்சில் இருந்த ஐந்து பேரை நெருக்கி உட்காரவைத்து, “இப்ப நீங்க எல்லாரும் லோஹா. ஆக் வெக்கறேன்,” என்றாள். ஐந்து பேரும் சூடேறியவர்கள்போல ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ள, ஓரத்தில் இருந்தவன் தொப்பென்று கீழே விழுந்தான்.

பித்தளைக் குண்டு ஏன் வளையத்துக்குள் நுழையவில்லை என்பது அந்த வகுப்பில் யாருக்கும் ஆயுளுக்கும் மறக்காது. பரீட்சைக்கு வேண்டிய இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் நான் போர்டில் எழுதினேன்.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தெரிந்தவளாக நின்றிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாததால் அவர்களுக்குப் புரிந்தே ஆக வேண்டியிருந்தது. பி.எட். படித்த கல்லூரியில் புதிய போதனை முறைகள் என்று ஒரு முழுத் தாள் எழுதித் தேறியிருக்கிறேன். அதில் எங்கேயும் இது இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பின் வழக்கமே அதுவாகிவிட்டது. டிவிக்காரர் ஹிந்தியில் சொல்வார். பிள்ளைகள் எனக்குத் தமிழில் சொல்வார்கள். நான் புரியவில்லை என்பேன். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சொல்வார்கள். அவர்களுக்குள் சண்டை வரும். சண்டை முற்றினால் செய்து பார்த்துவிடுவோம். பக்கத்து வகுப்பு ஆசிரியை இரண்டு முறை வந்து, இங்கே என்ன ரகளை என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் தவறி, இரண்டாம் முறை படித்தவள். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியிலிருந்து வருவாள்; அம்மா நாலைந்து வீடுகளில் வேலை செய்தார். இங்கிலீஷ் பாடப்புத்தகத்தைத் திறந்தால் அவள் முகம் மூடிக்கொள்ளும். ஆனால் டிவியைத் திறந்தால் முதல் ஆளாக விரலைத் தூக்குவாள். ஹிந்தி அவளுக்குத் தெருவிலேயே வந்த பாஷை. தவிர, டிவிக்காரரை அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாள். கம்பியை வளைத்து ஒரு மூக்குக் கண்ணாடிகூடச் செய்துவைத்திருந்தாள்.

அவளுக்குப் பட்டது வேறு யாருக்கும் படவில்லை. ஒருநாள் பாடம் முடிந்ததும், “மிஸ், அவரு கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்கறாரு இல்ல? அப்பறம் ஷாபாஷ்ங்கறாரு. நாம தப்பா சொன்னாலும் ஷாபாஷ்தான் மிஸ்,” என்றாள்.

உண்மைதான். அந்த மனிதர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் புன்னகையோடு காத்திருப்பார். பிறகு, யார் என்ன சொல்லியிருந்தாலும், ஷாபாஷ் என்று பாராட்டிவிட்டு மேலே போவார். அடுத்த பாடத்தில் பிள்ளைகள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். தண்ணீர் எத்தனை நிலைகளில் இருக்கும் என்று அவர் கேட்க, வகுப்பு முழுக்க ஒரே குரலில் ‘ஆலு’ என்று கத்தியது. உருளைக்கிழங்கு. அவர் மலர்ந்த முகத்தோடு ஷாபாஷ் என்றார். நான் அதட்டினேன், அதட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டதால் அந்த அதட்டலுக்கு மரியாதை இல்லாமல் போயிற்று.

இப்படியே போயிருந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கும். நடுவில் சரஸ்வதி பூஜை வந்தது.

டெல்லி முழுக்க தசரா விடுமுறை. ஆனாலும் எங்கள் பள்ளியில் பூஜைக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். கூடத்தில் புத்தகங்களை அடுக்கி, ஆபீஸ் டைப்ரைட்டர், தையல் மெஷின், பள்ளி மணி, என் மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். டெலிவிஷன் பெட்டி அந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்திருந்தது. அதற்கு அது முதல் பூஜை.

“இருக்கறதிலேயே ஒசந்த யந்திரம் இதுதான். இதை விட்டுட்டுப் பூஜையா?” என்றார் தலைமையாசிரியை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். கதவைத் திறந்து, திரையின் நாலு மூலையிலும் சந்தனம், நட்டநடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கதம்ப மாலை சாற்றிய பிறகு அது கருவறைபோலவே இருந்தது. பூஜை முடிந்து மாவிலையால் தீர்த்தம் தெளிக்கும் நேரம் வந்தது. டைப்ரைட்டருக்கு ஒரு சொட்டு, மணிக்கு ஒரு சொட்டு. டெலிவிஷன் அரசாங்கம் கொடுத்தது ஆயிற்றே, அதற்கு மரியாதை கூட. தலைமையாசிரியை முன்னால் தெளித்தார், பக்கவாட்டில் தெளித்தார், பின்னால் போய், காற்றுப் போவதற்கு ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அங்கேயும் செம்பில் மீதி இருந்ததை நிறைவாகத் தெளித்தார். பௌதிகப் பட்டதாரியான நான் பக்கத்திலேயே கற்பூரத் தட்டோடு நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. எல்லாவற்றையும் கொஞ்சமாவது தொட்டுத் தொடங்க வேண்டும் இல்லையா? பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி வாசித்தார்கள். டைப்ரைட்டரில் சரஸ்வதி என்று அடித்தோம். மணியை ஒரு தட்டு தட்டினோம். கடைசியாகத் தலைமையாசிரியை டெலிவிஷனின் திருகைத் திருப்பினார். ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னால் ஓட்டைகள் வழியாக மெல்லிசாகப் புகை எழுந்தது.

“நேத்துக் கற்பூர வாசனை இன்னும் போகலே பாரேன்,” என்றார் அவர்.

அன்றே கரோல் பாகிலிருந்து ஒரு சர்தார்ஜி மெக்கானிக் வந்தார். பின்பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, வெளியே எடுத்து, விரலைப் பார்த்தார். விரலில் ஈரமும் குங்குமமும் இருந்தன. ஹிந்தியில் ஏதோ கேட்டார். எப்போதும் ஹிந்தியில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத தலைமையாசிரியை முந்தானையால் டைப்ரைட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்காரியைப் பார்த்தேன்.

“இத யாரு குளிப்பாட்டுனாங்கன்னு கேக்கறாரு மிஸ்.”

தலைமையாசிரியை மெல்லிய குரலில், “பூஜா,” என்றார். சர்தார்ஜி உடனே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். பிறகு, பூஜை வேறு ரிப்பேர் வேறு என்பதுபோல, டெலிவிஷனை முழுசாகப் பெட்டியிலிருந்து பெயர்த்தெடுத்தார். பெட்டி ஸ்கூட்டரில் ஏறாது; அது இங்கேயே கிடக்கட்டும்; தீபாவளி கழித்துத்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசர் வரப்போவது தீபாவளிக்கு முன்னால்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகு தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் பக்தி உன் வேலைக்கு உலை வெச்சுடுத்தேம்மா,” என்றார். கோபம் வந்தால் ஆள் பார்க்காதவள் நான். அன்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு சுடுசொல் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிட்வாய் நகர் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். பயமாக இருந்தது. ஊருக்கு ரயிலேறுவதைவிட அந்தப் பிள்ளைகளை விட்டுப் போவதுதான் பயமாக இருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வராந்தாவில் வரும்போதே ‘தோ பச்சோ’ என்ற குரல் கேட்டது. டெலிவிஷன் வந்துவிட்டது என்றே நினைத்தேன். வகுப்புக்குள் ஓடினால், பெட்டியின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கடைசி பெஞ்சுக்காரியின் முகம். கம்பிக் கண்ணாடியும் போட்டிருந்தாள். பின்பலகைதான் இல்லையே, அந்த வழியாக உள்ளே நுழைந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இங்கே ஒருத்தியின் பிழைப்பே போகப்போகிறது, இவர்களுக்கு விளையாட்டு. “எறங்குட்டி கீழ,” என்று கத்தப் போனேன். கத்துவதற்குள் அவள் வகுப்பைப் பார்த்து ஏதோ கேள்வி கேட்டுவிட்டாள். ஒருவன் பதில் சொன்னான். தப்பான பதில் போலிருக்கிறது. டிவிக்காரர் மாதிரியே புன்னகையோடு காத்திருந்தவள், ஷாபாஷ் சொல்லவில்லை. தலையை ஆட்டி, “நஹீ. ஃபிர் ஸே ஸோசோ,” என்றாள்.

பக்கத்தில் இருந்தவனிடம், “என்ன சொல்லுதா?” என்று கேட்டேன்.

“இல்லையாம் மிஸ். மறுபடி யோசிக்கணுமாம்.”

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். வகுப்பு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கோபம் எந்தப் பக்கமாக இறங்கிப் போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

“ஏட்டி,” என்றேன் பெட்டியைப் பார்த்து, “நாளைக்கு ஆபீசர் வந்தாலும் இதே மாதிரி இருப்பியா?”

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொலைக்காட்சிக் கம்பீரத்தோடு, ஷாபாஷ் என்றாள்.

மறுநாள் ஒளிபரப்பாக வேண்டிய பாடம் காற்றின் அழுத்தம் என்று அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அன்று முழுக்க அதற்கே செலவழித்தோம். எனக்குத் தெரிந்ததை நான் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னேன். அவர்கள் அதை ஹிந்தியாக்கினார்கள். இந்த முறை போக்குவரத்து எதிர்த்திசையில். காற்றழுத்தத்துக்கு ‘ஹவா கா தபாவ்’ என்று எனக்கே ஒரு வார்த்தை வந்துவிட்டது. வெண்டைக்காய்க்குப் பிறகு நான் கற்ற முதல் உருப்படியான ஹிந்தி. படம் போய்விட்டால் டிவியில் ஓர் அட்டை காட்டுவார்களே, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று, அதையும் ஹிந்தியில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வசனம் மறந்தால் காட்டுவதற்காம்.

தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். “ஆபீசர் வந்ததும் நடந்ததைச் சொல்லிடறேனேம்மா. மனுஷன்தானே, புரிஞ்சுப்பார்.”

“சொல்லுங்க மேடம். ஆனா பாடம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க,” என்றேன்.

ஆபீசர் சபாரி சூட் போட்ட, நரைத்த மீசைக்காரர். வகுப்புக்குள் வந்தவர் யாருடைய உபசாரத்துக்கும் நிற்காமல் கடைசி பெஞ்சில், அவளுடைய காலி இடத்திலேயே உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். வாசல் பக்கம் தலைமையாசிரியை வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் பூட்டைத் திறந்து கதவுகளை விரித்தேன்.

பெட்டிக்குள்ளிருந்து கம்பிக் கண்ணாடி போட்ட முகம், ‘தோ பச்சோ’ என்றது.

ஆபீசரின் பேனாச் சத்தம் நின்றது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அடுத்து அவள் செய்ததை நாங்கள் ஒத்திகையில் பார்க்கவே இல்லை. முகத்தை மெதுவாக மேலே கொண்டுபோய் மறைத்தாள்; உடனே கீழேயிருந்து அதே முகம் எழுந்து வந்தது; மறுபடி மேலே போயிற்று. படம் உருளுகிறது. அந்தக் காலத்து டெலிவிஷன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், படம் உருண்டால் என்ன செய்வோம் என்று. முன்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை அறைந்தான். படம் நின்றது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, ஓர் அட்டையால் மூடி, கையால் தாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். கையை எடுத்தாள். தண்ணீர் விழவில்லை. விழுந்திருந்தாலும் பாதகமில்லை, இந்த முறை நனைவதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. ஏன் விழவில்லை என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒருத்தி, அட்டையில் கோந்து இருக்கிறது என்றாள். நஹீ, என்று அட்டையைக் கழற்றி எல்லோரும் தொட்டுப் பார்க்க வெளியே நீட்டினாள். டம்ளர் தண்ணீர் முழுவதும் அவள் மடியில் கொட்டியது. சட்டென்று தடங்கலுக்கு வருந்துகிறோம் அட்டையைக் காட்டினாள். இன்னொருவன், தண்ணீர் அட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது என்றான். மறுபடி யோசி. காற்று கீழேயிருந்து தள்ளுகிறது என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தபோதுதான் அவள் முதல் ஷாபாஷைக் கொடுத்தாள். அந்தப் பாராட்டைச் சம்பாதித்தவனின் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். ஆலுவுக்குக் கிடைத்த ஷாபாஷில் அந்த மலர்ச்சி இருந்ததில்லை.

அப்போது ஆபீசர் எழுந்தார். என்னைப் பார்த்து, என்னைத்தான், ஹிந்தியில் ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. அதில் கிலாஸ் என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது.

வாசலில் தலைமையாசிரியையின் உதடுகள் நின்றுவிட்டன. சமாளித்து ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அத்தனை மாதமும் நானும் பிள்ளைகளும் இருந்த விதம் ஒன்றுதான். அதைவிட்டு வேறு விதமாக இருக்க எனக்கு அப்போது தெரியவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன்.

“அவரு என்ன கேக்குதாரு?”

முழு வகுப்பும் ஒரே நேரத்தில் சொன்னது. டம்ளரில் பாதிதான் தண்ணீர் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறாராம். விழும் என்றது ஒரு கட்சி. விழாது என்றது இன்னொரு கட்சி. மேலே காலியாக இருக்கிற பாதியிலும் காற்று இருக்கிறதே, அது கீழே தள்ளாதா என்று கும்பகோணத்துக்காரி ஒருத்தி கேட்க, சண்டை மூண்டது. “செஞ்சு பாருங்களேன்,” என்றேன். ஆபீசரே முன்னால் வந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டார். பாதித் தண்ணீர், அட்டை, கவிழ்ப்பு. ஒரு சொட்டு அவருடைய செருப்பில் விழுந்தது. மீதி நின்றது. ஏன் நின்றது என்று பிள்ளைகள் எனக்குச் சொல்ல, நான் புரியவில்லை என்று சொல்ல, அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சொல்ல, பீரியட் முடிந்து மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

தலைமையாசிரியை உள்ளே வந்து, பூஜையிலிருந்து ஆரம்பித்து, செம்புத் தண்ணீர் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஆபீசரிடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் பேசத் தொடங்கினார். அமைதியாக, நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் நீளமாகவே பேசினார். எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். அந்த அறையில் அவர் பேசுவது புரியாதவள் நான் ஒருத்திதான். பேச்சு என்னைப் பற்றியது.

பொறுக்க முடியவில்லை. பெட்டிக்குள் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து, “என்னட்டி சொல்லுதாரு?” என்றேன்.

“இத்தினி ஸ்கூலுக்கு டிவி குடுத்தோம், காது கேக்கற டிவி இங்கதான் பாத்தேன்னு சொல்றாரு மிஸ்.”

“அப்புறம்?”

“உங்களுக்கு ஹிந்தி தெரியலைன்னு சொல்றாரு.”

“சரி, அப்புறம்?”

அவள் கம்பிக் கண்ணாடியைக் கழற்றினாள். இப்போது பேசியது டிவிக்காரர் இல்லை. “அது அப்டியே இருக்கட்டுமாம் மிஸ். யாரும் கத்துக் குடுத்துடக் கூடாதுன்னு பெரிய மிஸ்கிட்ட சொல்றாரு. நீங்க இங்கயே இருக்கப் போறீங்க மிஸ்.”

தலைமையாசிரியை அழுதார். நான் அழவில்லை என்று சொல்ல ஆசைதான்.

தீபாவளி கழித்து டெலிவிஷன் திரும்பி வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தது. அடுத்த சரஸ்வதி பூஜைக்குக் கதவைத் திறக்காமலே, பூட்டுக்கு மட்டும் சந்தனப் பொட்டு வைத்தோம். கடைசி பெஞ்சுக்காரி அந்த வருஷம் விஞ்ஞானத்தில் தேறி எட்டாம் வகுப்புக்குப் போனாள். பாடம் ஒளிபரப்பாகி முடிந்ததும், டிவிக்காரர் கேட்ட கேள்விகளை அடுத்து வந்த வகுப்புகளின் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் மறுபடி கேட்டுக்கொண்டார்கள். ஷாபாஷ் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

நான் ஓய்வுபெறும்வரை அந்தப் பள்ளியிலேயே இருந்தேன். டெல்லியில் அத்தனை வருஷம் குடியிருந்து ஹிந்தி வராமல் போகுமா? இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் வந்துவிட்டது. பஸ் கண்டக்டர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கரோல் பாகில் புடவைக்குப் பேரம் பேசிக் கடைக்காரரைக் களைக்கவைத்திருக்கிறேன். வடக்கத்தி மருமகளோடு மணிக்கணக்காக வம்பு பேசுகிறேன். வகுப்பறைக்குள் மட்டும், கடைசி நாள் வரைக்கும், எனக்கு ஹிந்தி தெரியாது.